கடற்கரைப் பெண்ணின் பிரான்ஸ் பயணம் – 6: மீன்வாடியும் மலைக்குடிசையும்

சென்ற இதழில் உங்களை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தேன். பாரிஸில் இரவு ஏறிய எங்கள் தமிழ்க் கூட்டம், செபமாலையும் மாதா பாட்டுமாக ஏறக்குறைய 850 கிலோமீற்றர் ஓடி, விடியும்போது லூர்தில் இறங்கியது. அன்று ஆகஸ்ட் 15. அதே நாளில் மன்னாரில் எங்கள் மடு மாதா கோயிலில் ஆவணித் திருவிழா. எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்திருக்கும். பாயும் பானையும் கட்டிக்கொண்டு சனம் மடுக் காட்டுக்குப் போயிருக்கும். இரவு மெழுகுதிரிப் பவனி முடிந்து மாதாவின் கெபிக்கு முன்னால் நின்றபோது, பக்கத்தில் நின்ற வங்காலைக்காரி ஒருத்தி "மடுவில நிக்கிற மாதிரியே இருக்குதக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் காலை தங்கச்சி குடும்பத்தோடு பார்த்ரெஸ் என்ற சிற்றூருக்குப் போனோம். லூர்திலிருந்து நாலு கிலோமீற்றர் இருக்கும். 1858 பெப்ரவரி 11 தொடங்கி ஜூலை 16 வரை பெர்னதெத் என்ற சிறுமி லூர்தில் 18 தடவை மாதாவின் காட்சி கண்டாள் என்பது எங்கள் ஊர் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின மாதம் வரை அவள் இந்தப் பார்த்ரெஸில் ஆடு மேய்த்தாள் என்பதை நான் இங்கே வந்துதான் அறிந்தேன். கைக்குழந்தையாக இருந்தபோதும் அவள் இங்கே வளர்ந்திருக்கிறாள். பெற்றவளின் மார்பில் தீக்காயம் பட்டுப் பாலூட்ட முடியாமல் போனதால், தன் குழந்தையைப் பறிகொடுத்திருந்த மரி லாகுவெஸ் என்ற பெண் அவளுக்குப் பால் கொடுத்தாளாம். கல் அடுக்கிக் கட்டிய ஆட்டுக்கொட்டில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் வாசலில் நின்றபோது, பாலைப் பற்றி நான் இவ்வளவு காலமும் சுமந்த ஒரு பழைய மனக்குறை திரும்ப வந்தது.

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. சிறுவயதில் அப்பாவின் வலையில் நல்ல பாடு கிடைத்த கிழமைகளில் அம்மா முதலில் வாங்குவது பால்மாப் பெட்டிதான். பள்ளிக்குப் போகுமுன் ஒரு கோப்பை நிறையக் கரைத்து, சீனி போட்டு, கண்முன்னே குடிக்கவைப்பாள். இரண்டாம் பாடம் தொடங்கும்போது வயிறு கடகடக்கும், ஊதும், பிடுங்கும். அடிக்கடி வெளியே போகக் கேட்டதால் வகுப்பில் எனக்குக் 'கள்ளி' என்று பெயர். அம்மாவோ "என்ர பிள்ளைக்குக் குடல் பலமில்லை" என்று கவலைப்பட்டாள். பலம் வரட்டும் என்று இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டாள். வளர்ந்தபின் நானே பாலை விட்டுவிட்டேன். வெறுந்தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும் எனக்குப் போதும்.

இப்படிப்பட்டவளைத்தான் தங்கச்சியின் மகள், என் பெறாமகள், அன்று மத்தியானம் லூர்து நகரின் மூடுசந்தைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு சீஸ் தட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். பொன்நிறத் தோலுடன் சின்ன அம்மிக்கல் அளவில் உருளை உருளையாக அடுக்கியிருந்தார்கள். பெயர் ஒசோ-இராட்டி. பிரனே மலைகளின் மேற்குப் பக்கத்தில், பேயார்ன் நாட்டிலும் பாஸ்க் நாட்டிலும், செம்மறிப் பாலில் செய்வது. வேறு ஊரில் செய்து அந்தப் பெயரை ஒட்டக்கூடாது என்று 1980இலிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கடைக்கார அம்மா கத்தி நுனியில் மெல்லிய ஒரு துண்டு சீவி நீட்டினார்.

"வேண்டாம் பிள்ளை, எனக்குச் செமிக்காது."

"பெரியம்மா, உங்களுக்குச் செமிக்காதது பாலில இருக்கிற சீனி. இதில அது இல்லை. பயப்பிடாமச் சாப்பிடுங்க."

அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். விளையாட்டுக்குச் சொல்ல மாட்டாள். வாயில் வைத்தேன். முதலில் உப்பு. பிறகு வறுத்த கச்சானை நினைவூட்டும் ஒரு மணம். மெல்ல மெல்ல வெண்ணெய் போலக் கரைந்து, தொண்டையில் இறங்கின பின்னும் ருசி நாக்கை விடவில்லை. அடுத்த துண்டின்மேல் கறுப்புச் செரிப்பழ ஜாம் ஒரு துளி வைத்துத் தந்தார். பாஸ்க் நாட்டு வழக்கம் அப்படியாம். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுத்தன. நாலு துண்டு சாப்பிட்டேன். அன்றிரவு நெடுநேரம் வயிற்றைத் தடவியபடி விழித்துக் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் பெறாமகள் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். பாலில் இருக்கும் சீனிக்கு லக்டோஸ் என்று பெயர். தாய்ப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 7 கிராம், பசுப்பாலில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது இரண்டு சிறு சீனிகள் பிணைந்த சீனி. பிரிக்காமல் உடம்பு அதை உறிஞ்சாது. பிரிக்கிற கத்தரிக்கோல் லக்டேஸ் என்ற நொதியம். சிறுகுடலின் உள்சுவரில் ஊறுவது. பிறக்கும் குழந்தைகள் அநேகமாக எல்லோரிடமும் அது நிறைய உண்டு. பால்குடி மறந்த பிறகு, பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் போல, மனிதருக்கும் அது குறையத் தொடங்கும். வெட்டப்படாத லக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். ஊதலும் பிடுங்கலும் வயிற்றோட்டமும் அதனால்தான். உலகத்துப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு லக்டேஸ் இப்படிக் குறைந்துதான் இருக்கிறது.

"அப்ப எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லைப் பெரியம்மா. மனிசரிட பழைய உடம்பே இதுதான். பெரியாளான பிறகும் பாலைச் செமிக்கிறவைதான் பிறகு வந்தவை."

அந்தப் 'பிறகு வந்தவர்கள்' கதை எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. 2002இல் பின்லாந்து ஆய்வாளர்கள், லக்டேஸ் மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு அந்த நொதியம் வாழ்நாள் முழுவதும் நிற்காமல் ஊறுவதைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பாவின் வடக்கே அந்த மாற்றம் மிக அதிகம். கிழக்கு ஆபிரிக்க மாடு மேய்ப்பவர்களிடம் வேறோர் எழுத்து மாறி, அதே பலனைத் தந்திருக்கிறது. 2012இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, ஐரோப்பியருக்குள்ள அதே மாற்றம் இந்தியாவிலும் உண்டு என்று காட்டியது. வடமேற்கில் கூடுதலாகவும், தெற்கேயும் கிழக்கேயும் வர வரக் குறைந்தும் அது காணப்படுகிறது. ஆனால் தெற்கிலேயே, எருமையை உயிராக வளர்க்கும் நீலகிரித் தோடர்களிடம் அது மிக அதிகம். தலைமுறை தலைமுறையாகப் பாலோடு வாழ்ந்தவர்களின் உடம்பு பாலுக்கு இணங்கியிருக்கிறது. எங்கள் முன்னோர் கடலோடு வாழ்ந்தார்கள். என் குடலுக்கு அந்த வரலாறுதான் இருக்கிறது.

அதைவிட என்னைத் தொட்டது இன்னொன்று. போலந்தில் ஏறக்குறைய 7,000 ஆண்டு பழைய மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன, உடம்பெல்லாம் துளையோடு. 2012இல் அவற்றில் ஊறியிருந்த கொழுப்பைச் சோதித்து, பாற்கட்டி வடித்த சல்லடைகள் என்று உறுதி செய்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர் பெரும்பாலும் என்னைப்போலப் பால் செமிக்காதவர்கள்! 2022இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றும், பால் பாவனை பரவிப் பல ஆயிரம் ஆண்டுகள் கழிந்துதான் பால் செமிக்கும் உடம்பு பரவியது என்கிறது. உடம்பு மாறும்வரை அவர்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. கையால் பாலை மாற்றிக்கொண்டார்கள்.

எப்படி மாற்றினார்கள் என்பதைச் சந்தையில் அந்தக் கடைக்கார அம்மாவே சொல்லியிருந்தார். அவர் வீட்டு ஆண்கள் கோடையில் மந்தையோடு மலையேறிவிடுவார்கள். மேலே கல்லுக் குடிசையில் தங்கி, பால் கறந்து, அங்கேயே சீஸ் செய்வார்கள். கேட்டதும் எனக்கு எங்கள் மீன்வாடி ஞாபகம் வந்தது. மீன் எந்தக் கரையில் படுகிறதோ அங்கே பருவத்துக்குப் போய், கிடுகு மேய்ந்த வாடியில் தங்கி, பிடித்ததைக் காயவைத்து மூட்டையாக்கிக் கொண்டுவரும் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லி பெறாமகளை நச்சரித்தேன். கடைக்கார அம்மா பிரெஞ்சில் அதைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டினார்.

செய்முறையும் அப்படியே ஒரு கைத்தொழில். இளஞ்சூடாக்கிய பாலில், ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பார்கள். பால் தயிர்க்கட்டி போல இறுகும். அதைச் சிறு மணிகளாக வெட்டிக் கலக்கினால் பச்சை கலந்த மஞ்சள் நீர் பிரிந்து ஓடும். லக்டோஸின் பெரும்பங்கு அந்த நீரோடு போய்விடும். மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்று புளிப்பாக்கும். அச்சிலிட்டு அழுத்தி, உப்புத் தேய்த்து, மரத்தட்டில் வைத்து, பல நாள் திருப்பித் துடைத்து வளர்ப்பார்கள். சிறிய உருளைக்கு 80 நாளும் பெரியதுக்கு 120 நாளும் குறைந்தபட்சம். அதற்குள் லக்டோஸ் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். பசுப்பாலில் செய்து குறைந்தது நாலு மாதம் முதிரவிடும் கொம்தேயும் அப்படித்தான். செம்மறிப் பாலிலும் லக்டோஸ் உண்டு. என்னைக் காப்பாற்றியது ஆடு என்று நினைத்துவிடக்கூடாது. அந்தச் செய்முறையும் முதிரவிட்ட நாளும்தான் காப்பாற்றின.

பாரிஸுக்குத் திரும்பியபின் தைரியம் வந்து, தங்கச்சி வீட்டில் ஒவ்வொன்றாக ருசி பார்த்தேன். நீலப்பூஞ்சணம் ஓடிய ரொக்போர், கரண்டியால் வழித்து எடுக்கும் அளவுக்குப் பழுத்த கமம்பேர் இரண்டும் வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. ஃப்ரொமாஜ் பிளாங் என்ற முதிராத வெள்ளைச் சீஸைக் கொஞ்சம் கூடச் சாப்பிட்டேன். அன்று வயிறு பேசியது. முதிராத சீஸில் பால்ச்சீனி மிச்சமிருக்கும். தயிர் வேறு கணக்கு. அதில் உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்களே குடலில் லக்டோஸைப் பிரிக்க உதவுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பால் குடித்தால் படுத்துவிடும் நான், சட்டித் தயிரும் சோறும் எப்போதும் சுகமாகச் சாப்பிட்டது ஏனென்று இப்போது புரிகிறது.

பெறாமகள் இரண்டு எச்சரிக்கையும் சொன்னாள், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பால்ப் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் வேறு. அவர்களுக்கு முதிர்ந்த சீஸும் ஆபத்து. காய்ச்சாத பாலில் செய்த மென்சீஸைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. தங்கச்சியின் மருமகள் பிள்ளை பிறக்கும்வரை கமம்பேர் பக்கமே போகமாட்டேன் என்று இருக்கிறாள்.

சீஸ் தெரிந்த ஐரோப்பியர் எங்கள் கரைக்கும் வந்திருந்தார்கள். போத்துக்கீசர் 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். பாணும் மேசையும் கதிரையும் அவர்கள் வாயிலிருந்து எங்கள் வாய்க்கு வந்த சொற்கள். சீஸுக்கு அவர்கள் சொன்ன கேஜு சிங்களத்தில் தங்கிவிட்டது. எங்கள் கரையில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. எங்களுக்கு அந்த இடத்தில் கருவாடு இருந்தது. கெட்டுப்போகும் ஒன்றை உப்பும் நாளும் கொடுத்து உணவாக்கும் வித்தையை எங்கள் பெண்களும் அறிந்திருந்தார்கள்.

இதையெல்லாம் எழுதுவது தாழ்வுபாட்டுத் தாய்மாருக்காக. 2022இல் பால்மாவுக்கு நீங்கள் வரிசையில் நின்று தவித்ததை நான் பார்த்தேன். பால் ஒத்துக்கொள்கிற பிள்ளைக்கு நன்றாகக் கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு நிகரில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளை பால் குடித்தபின் வயிற்றைப் பிடித்தால் அதைத் திட்டாதீர்கள். ஒரு கோப்பையைக் கால் கோப்பையாக்கிப் பாருங்கள், தயிராக்கிக் கொடுங்கள், வைத்தியரிடம் கேளுங்கள். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே என்று பயப்படவேண்டாம். பசுப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு அது 120 மில்லிகிராம் அளவில்தான். 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேலே. முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியும் சூடையும் உங்கள் கரையிலேயே இறங்குகின்றன.

அம்மா போய்ப் பதினொரு வருடம். நேற்றிரவு தங்கச்சி ஊரிலிருந்து வந்த பொதியைப் பிரித்து நெத்தலிக் கருவாடு பொரித்தாள். நான் மேசையில் ஒசோ-இராட்டியை வெட்டி வைத்தேன். பாரிஸுக்குப் பக்கத்துப் பொபினியில், தங்கச்சியின் எட்டாம் மாடிச் சமையலறையில் இரண்டு மணமும் கலந்து நின்றன. "அம்மா இருந்திருந்தா இதைச் சாப்பிட்டிருப்பாவோ?" என்று தங்கச்சி கேட்டாள். எனக்கு வேறொன்று சொல்லவேண்டும் போல இருந்தது. அம்மா, என்ர குடல் பலமாகத்தான் இருந்தது. நீங்க ஒரு பிழையும் செய்யவில்லை.

அடுத்த இதழில் மார்சேய் துறைமுகம். விடியற்காலைப் படகுகளும், கரையிலேயே மீன் விற்கும் பெண்களும்.