ஹார்லெக்கின் கடல்வாசல்

வேல்ஸின் மேற்குக் கரையில், 60 மீட்டர் உயரப் பாறை விளிம்பில் நிற்கிறது ஹார்லெக் கோட்டை. போகிறவர்கள் எல்லோரும் முதலில் அதன் வாசல்மாளிகையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதும்தான். இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே போகும் இருண்ட நடையில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இரும்புக் கம்பிக் கதவுகள் மேலிருந்து இறங்கி வழியை மறித்தன. அவை ஏறி இறங்கிய பள்ளம் பக்கச் சுவரில் இன்னும் இருக்கிறது. அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன், கல் சில்லென்றிருந்தது. ஒரு கதவுக்கும் அடுத்ததற்கும் இடையில் அகப்பட்டவனின் கதியை நினைத்ததும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

ஆனால் இந்தக் கோட்டையின் உயிர் பின்பக்கத்தில் இருக்கிறது என்பேன். பாறைச் சரிவில் மதில் காவலோடு 108 படிகள் கீழே இறங்குகின்றன. கோட்டை கட்டிய காலத்தில் கடல் பாறையடி வரை வந்தது. கப்பலில் வந்த தானியம் இந்தப் படிகள் வழியாகத்தான் மேலே ஏறியது. வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1283-ல் தொடங்கி ஆறேழு ஆண்டுகளில் கட்டி முடித்த கோட்டை இது. சவாய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்ற தலைமைக் கொத்தனார் முன்னின்று கட்டினார். 1286-ல் கொத்தர், கல்லுடைப்போர், கொல்லர், கூலியாட்கள் என்று 900 பேருக்கு மேல் இங்கே வேலை பார்த்தார்கள். கட்டி முடித்த பின் காவலுக்கு வைத்ததோ நாற்பது பேர்கூட இல்லை! 1294-ல் மாடோக் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து சுற்றி வளைத்தபோது, அந்தச் சிறு படை தாக்குப்பிடித்தது கடல் வழியாக வந்த உணவால்தான். மதில் எத்தனை கனமாக இருந்தாலும் வயிறு காய்ந்தால் கதவைத் திறக்க வேண்டியதுதானே.

மேல்மதிலில் நின்றால் வடக்கே ஸ்னோடன் மலைகள் தெரிகின்றன. மேற்கே கடல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் விலகிவிட்டது. நடுவில் மணல்மேடு, கோல்ஃப் மைதானம், ரயில் பாதை.

வேல்ஸ்காரர்களை அடக்கக் கட்டிய இந்தக் கோட்டை 1404-ல் அவர்கள் கைக்கே வந்தது. வேல்ஸ் கிளர்ச்சித் தலைவர் ஓவைன் கிளின்டூர் இதைப் பிடித்துக் குடும்பத்தோடு குடியேறினார். 1405-ல் தம் நாடாளுமன்றத்தையும் இங்கே கூட்டினார். எட்வர்டின் பெருமையைவிட கோட்டை ஓவைன் கையில் இருந்த ஐந்தாண்டுகள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. பிறகு 1461 முதல் 1468 வரை நீண்ட முற்றுகை, 1647-ல் இங்கிலாந்தின் முதல் உள்நாட்டுப் போரின் கடைசிச் சரணடைதல் என்று எத்தனையோ நடந்திருக்கின்றன. என் மனம் அங்கெல்லாம் போகவில்லை. அது ஓவைனின் முடிவிலேயே நிற்கிறது: 1409-ல் இங்கிலாந்துப் படை கோட்டையை மீட்டது. ஓவைனின் மருமகன் எட்மண்ட் மார்ட்டிமர் முற்றுகையின்போதே இறந்துபோனார். ஓவைன் அகப்படவில்லை. அவர் மனைவியையும் மகள்களையும் பிடித்து லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள்.