உப்பில் போன புள்ளிகள்

பேசாலையில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி உப்பு. கடல் தண்ணீர் குடித்த போன்கள் வாரத்தில் நாலைந்தாவது வரும். 2024இல் ஒருநாள் காலை, தொழிலுக்குப் போய்வந்த கையோடு ஒருவர் கடைக்கு வந்தார். ஊரில் பலருக்கு அவர் அண்ணை, எனக்கும் அப்படித்தான். பொலித்தீன் பையில் சுற்றிய பழைய போன் ஒன்றையும் புத்தம்புதுப் போன் ஒன்றையும் மேசையில் வைத்தார்.

"தம்பி, பழசு செத்துப்போச்சு. புதுசில உங்கட சாமான் ஏறுதில்லை."

என்னுடைய சாமான் என்பது 2013இல் நான் எழுதிய சிறியதொரு செயலி. வலை கொளுவும் இடத்திலோ மீன் பட்ட பாரிலோ வள்ளத்தை நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் நாம் வைக்கும் பெயரோடு சேமித்துக்கொள்ளும். இடத்தைச் செய்மதியிலிருந்து அறிவதால் நடுக்கடலில் சிக்னல் தேவையில்லை. பத்துப் பதினைந்து பேருக்கு ஏற்றிக் கொடுத்தேன். 2016இல் கட்டாருக்குப் போய் எட்டு வருடம் பண்டகசாலைக் கணக்கு எழுதினேன். செயலி என்னவாயிற்று என்று ஒருநாளும் நினைத்ததில்லை. (திரும்பி வருவதைப் பற்றி 1990க்குப் பின் எங்கள் மன்னார் முஸ்லிம்கள் நிறைய எழுதிவிட்டார்கள். புத்தளத்தில் வளர்ந்த நானும் அவர்களில் ஒருவன்தான். இது வேறு கதை.)

புதிய போனில் இருந்தது அண்ட்ரொய்ட் 14. 2015இல் வந்த ஆறாம் பதிப்புக்கும் முந்திய காலத்துக்கென எழுதிய செயலிகளை அது நிறுவ விடாது. அதில் நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் நிறுவும்போது ஒரு தடவை சம்மதம் வாங்கினால் போதும், இப்போது இருப்பிடத்தை அறிய வேண்டுமென்றால் பயன்படுத்தும் வேளையில் ஆளிடம் கேட்கவேண்டும். திருடுகிறவர்கள் பழைய வழியால் நுழைவதைத் தடுக்கக் கதவை அடைத்தார்கள். என் சாமானும் வெளியே நின்றுவிட்டது.

"பழசுக்குள்ள 63 இடம் கிடக்கு தம்பி."

அந்தப் போனில் சிம் கிடையாது. செயலிக்காகவே இரண்டு தரம் பற்றரி மாற்றி வைத்திருந்தாராம். 63 இடங்களும் போனின் உள்நினைவகத்தில், அந்தச் செயலி மட்டுமே திறக்கக்கூடிய ஒரு மூலையில் இருந்தன. வெளியே எடுக்க ஒரு வழியை நான் வைக்கவேயில்லை. பிறகு பார்க்கலாம் என்று 2013இல் விட்ட வேலை அது. மூன்று நாள் ஸ்பிரிட்டால் கழுவினேன், சூடு காட்டினேன், வில்லையின் கீழ் வைத்துச் சுரண்டினேன். களிம்பு சில்லுகளின் அடிவரைக்கும் போயிருந்தது. போன் உயிர்க்கவில்லை. அதை அவரிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்றிரவு பழைய வன்தட்டைத் தேடி எடுத்தேன். நான் வேலை செய்த எக்லிப்ஸ் கருவிக்கு 2015உடன் ஆதரவு நின்றிருந்தது. நான் ஜாவாவில் எழுதினேன், 2019 முதல் கொட்லினுக்கே முதலிடம். அதெல்லாம் படித்தால் வரும். என்னைத் திகைக்க வைத்தது என் சொந்த எழுத்துத்தான். அக்காலத்துப் போன்கள் பலவற்றில் தமிழ் வெறும் சதுரங்களாகத் தெரியும். அதனால் பாமினி எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே வைத்து, சொற்களை அதன் விசைகளால் எழுதியிருந்தேன். 'கரை' என்பதற்கு எஃப், ஐ, யூ. பக்கம் பக்கமாக இப்படி. கட்டாரில் இருந்த காலத்தில் பாமினி விரல் மறந்துபோய், என் தமிழை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். இப்போது யுனிகோட்டில் கரை என்று எழுதினால் கரை என்றே திரையில் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

கடை பூட்டிய பிறகு, மூன்று மாதம். இந்தத் தடவை முதலில் எழுதியது, புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக வெளியே எடுக்கும் பொத்தான். வரைபடம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இழந்த இடங்களுக்காக ஒரு பின்னேரம் அண்ணையோடு கடற்கரை மணலில் கொப்பியுடன் இருந்தேன். அவருக்கு அகலாங்கு தெரியாது, கரையில் எது எதற்கு நேரே வரவேண்டும் என்பது தெரியும். மாதா கோவில் கோபுரம், ஒரு தனிப்பனை, 2020இல் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகளில் தனக்குத் தோதான இரண்டு. காற்றாலை வந்து நாலு வருடத்துக்குள் அதையும் கணக்கில் எடுத்திருந்தார். 41 இடம் சொன்னார். மீதி 22க்கும் வாய் திறந்து திறந்து மூடினார். சொன்ன இடங்களையும் மறுபடி கடலில் போய் நின்றுதான் பதியவேண்டும்.

புதிய செயலியோடு போய்வந்த முதல் நாள், கடை திறக்க முன்னரே வாசலில் நின்றார். 5 இடம் பதிந்திருந்தது. தாளில் அச்செடுத்துக் கேட்டார், கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பொத்தான் சின்னன் தம்பி. ஈரக் கைக்குப் பிடிபடுதில்லை."

சத்தம் கூட்டும் பக்கவாட்டு விசையை அழுத்தினால் பதியும்படி இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன்.