சாதுவான சொல்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் கடந்தால் வருவது சந்தாபுரா. ஆனேக்கல் செல்லும் சாலை இங்குப் பிரிகிறது. நெடுஞ்சாலையிலேயே இன்னும் சிறிது தொலைவு சென்றால் அத்திப்பள்ளி. அதற்கு அப்பால் தமிழ்நாடு. எல்லை இவ்வளவு அருகில் இருந்தும், தொழிற்சாலை வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேயே தங்கிவிட்டன.

அத்தகைய குடும்பம் ஒன்றில் வளர்ந்த சிறுமி ஒருத்தி எட்டாம் வகுப்பில் படித்துவந்தாள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என மூன்று மொழிகள் அவளுடைய நாளைப் பங்கிட்டுக்கொண்டன. கடையில் 'ஹாலு' கேட்டு வாங்குவாள். வீட்டு வாசலை மிதித்ததும் அது 'பால்' ஆகிவிடும். பூ 'ஹூ' ஆவதையும், புலி 'ஹுலி' ஆவதையும் கண்டு, தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும் என்பதை யாரும் சொல்லாமலே அறிந்திருந்தாள். ஆங்கிலம் மட்டும் அவ்வாறு தானாக வரவில்லை. அதனைக் குறிப்பேட்டில் எழுதி, மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

ஆங்கில ஆசிரியை நாள்தோறும் ஐந்து கடினமான சொற்களைக் கரும்பலகையில் எழுதுவார். மாணவர்கள் குறிப்பேட்டில் மூன்று பத்திகளாகக் கோடிட வேண்டும். முதற்பத்தியில் சொல்; இரண்டாம் பத்தியில் பொருள்; மூன்றாம் பத்தியில் அச்சொல்லை அமைத்துத் தாமே எழுதிய ஒரு தொடர். முதல் இரண்டு பத்திகளையும் சிறுமி பிழையின்றி நிரப்பினாள். மூன்றாம் பத்திக்கு ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தாள். எந்தச் சொல் வந்தாலும், 'அரசன் ஒருவன் இருந்தான். அவன் இப்படிப்பட்டவன்' என்று எழுதி முடித்துவிடுவாள். சிக்கனமானவனைக் குறிக்கும் 'ஃப்ரூகல்' என்ற சொல்லுக்கும் ஓர் அரசன்; ஒளிவுமறைவின்றிப் பேசுபவனைக் குறிக்கும் 'கேன்டிட்' என்ற சொல்லுக்கும் அதே அரசன். 'இரக்கமுள்ள, மென்மையான' என்று பொருள் எழுதிய 'பினைன்' என்ற சொல்லுக்கும் அவனே வந்து நின்றான். தேர்வில் பொருள் மட்டுமே கேட்கப்பட்டதால் மதிப்பெண் குறையவில்லை.

அவ்வாண்டு மழைக்காலத்தில், ஊத்தங்கரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பாட்டி வந்து சேர்ந்தார். அவர் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. மருத்துவர் ஊசியால் அதிலிருந்து சிறிது எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல் ஒன்று இருந்தது. அது முன்பு பாட்டியின் தங்கையைக் கொண்டுபோன நோயின் பெயர்.

சனிக்கிழமை மாலை அப்பா ஆய்வறிக்கையை வாங்கி வந்தார். மருத்துவரைத் திங்கட்கிழமைதான் காண முடியும். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்திருந்த அவர், தாளை ஒருமுறை பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார்.

"நீதான் இங்கிலீஷ் படிக்கிறாயே, கண்ணு. என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்."

நீளநீளமான சொற்கள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் சிறுமியின் முகம் மலர்ந்தது. அங்கே அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்று இருந்தது. 'பினைன்'!

"இரக்கமுள்ள கட்டி என்று எழுதியிருக்கிறது, அப்பா."

"கட்டிக்கு ஏதம்மா இரக்கம்?" என்றார் அப்பா. அவர் குரலில் சிரிப்பு இல்லை. அடுக்களையில் அம்மாவின் கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது.

சிறுமிக்கு வெட்கமாக இருந்தது. பொருள் தெரியும், ஆயினும் சொல் தெரியவில்லை. பள்ளியில் பரிசாகப் பெற்ற ஆங்கில அகராதியை எடுத்துப் புரட்டினாள். அச்சொல்லின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் எண்ணிட்டுத் தரப்பட்டிருந்தன. முதற்பொருள் மனிதர்களைப் பற்றியது. அவள் எழுதி வைத்திருந்தது அதுதான். அதற்குக் கீழே, அவள் ஒருநாளும் படிக்காத இடத்தில், உடலில் தோன்றும் கட்டியைப் பற்றிய பொருள் இருந்தது: உயிருக்கு ஆபத்து விளைவிக்காதது, புற்று அல்லாதது. அதனை விளக்க ஒரு நோயாளியைப் பற்றிய சிறு தொடரும் இருந்தது. சிறுமி அதனை இருமுறை படித்தாள். பின்பு அறிக்கையில் 'பினைன்' என்பதற்கு முன்னால் 'இல்லை' என்று பொருள்படும் சொல் ஏதேனும் நிற்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

"அப்பா, இது புற்று இல்லையாம். ஆபத்தில்லாத கட்டியாம். எதற்கும் டாக்டரையும் கேட்டுக்கொள்வோம்."

அந்த வீட்டில் ஒரு வாரமாக ஒளிந்திருந்த சொல் அப்போதுதான் வாய்விட்டு வந்தது. வந்தவுடன் அதன் பலம் குறைந்தது.

பாட்டி வாசற்படியில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிறுமி அருகில் அமர்ந்து, "தீங்கற்ற கட்டி, பாட்டி" என்றாள். பாட்டி சற்று யோசித்தார்.

"சாதுவான கட்டி என்று சொல்லடி. நம் வீட்டுச் செவலைப் பசு மாதிரி. கொம்பு இருக்கும், முட்டாது."

சிறுமி வியந்துபோனாள். அகராதியில் இரண்டு எண்களின்கீழ்ப் பிரிந்து கிடந்த பொருள்களைப் பாட்டி ஒரே தமிழ்ச்சொல்லில் கட்டிவிட்டார். சாதுவான மனிதர் மென்மையானவர். சாதுவான மாடு தீங்கு செய்யாதது. 'பினைன்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வழியில்தான் நடந்திருக்கிறது. நன்று என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிலிருந்து அது பிறந்தது. அதன் எதிர்ச்சொல்லான 'மலிக்னன்ட்', தீது என்னும் பொருளுடைய அடியிலிருந்து பிறந்தது. மனிதரின் குணத்தைக் கூறிய அச்சொற்கள், பின்னர் நோயின் குணத்தையும் கூறத் தொடங்கின.

ஒரு சொல்லின் பொருளை மட்டும் அறிதல், ஒருவரின் பெயரை மட்டும் அறிதல் போன்றது. அவர் எங்கே வாழ்கிறார், யாருடன் பழகுகிறார் என்பதை எடுத்துக்காட்டுத் தொடரே காட்டும். அகராதி செய்தவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தமிழில் முற்காலத்து நிகண்டுகள் சொற்பொருளைச் செய்யுளாகத் தந்தன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்தனர். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகர வரிசையில் அமைத்தார். ஆங்கிலத்தில் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி, நூல்களிலிருந்து எடுத்த மேற்கோள்களால் பொருளை விளக்கியது.

பிறமொழி மாணவரின் இடர்ப்பாட்டை நேரில் கண்டவர் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், தம் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, கற்போருக்கென்றே ஓர் அகராதியை உருவாக்கினார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அந்நூலே, 1948-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகி உலகெங்கும் பரவியது. பொருளை அறிவதோடு, சொல்லைத் தொடரில் எவ்வாறு அமைப்பது என்பதையும் அது கற்பித்தது. தமிழில் 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் பொருளை விளக்குகிறது. தமிழை வீட்டில் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அத்தொடர்கள் பெருந்துணையாகும்.

திங்கட்கிழமை மருத்துவர் அறிக்கையைப் படித்து, கவலைப்பட ஒன்றும் இல்லை என்றும், ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து காட்ட வேண்டும் என்றும் கூறினார். பாட்டி மறுவாரமே ஊருக்குப் புறப்பட்டார். பசுவை அடுத்த வீட்டாரிடம் விட்டு வந்த கவலை அவருக்கு.

அன்றிரவு சிறுமி குறிப்பேட்டைத் திறந்தாள். 'பினைன்' என்ற சொல்லுக்கு எதிரே நின்ற அரசனை அழித்தாள். அவ்விடத்தில், 'என் பாட்டியின் கழுத்தில் உள்ள கட்டி பினைன்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டாம் பத்தியில் இடம் சிறிதுதான் இருந்தது. அதில் தமிழில் நெருக்கி எழுதினாள்: சாதுவான.

சொல்லும் பொருளும்

ஆய்தல் – கீரையைத் தெரிந்து கிள்ளி எடுத்தல். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கதை சொன்னார்.

செவலை – செந்நிறமுடைய மாடு. எங்கள் செவலை கன்று ஈன்றது.

நிகண்டு – சொற்பொருளைச் செய்யுளில் கூறும் நூல். தாத்தா நிகண்டுப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்வார்.

எழுதுக

1. சிறுமி மூன்றாம் பத்தியை நிரப்பிய முறையில் இருந்த குறை யாது?

2. 'அடி', 'படி' ஆகிய சொற்களுக்கு நீ அறிந்த பொருள்களை எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் உன் வீட்டில் நடந்த ஒன்றைக் கொண்டு ஒரு தொடர் அமைக்க.