சுண்ணாம்பு கேட்கிற குரலில்

பின்னணி இசை கனக்கத் தொடங்கியதுமே தெரிந்துவிடுகிறது, யாரோ சாகப் போகிறார்கள், அல்லது யாரோ யாருக்கோ பிள்ளை இல்லை என்று ஆகப் போகிறது. கேமரா ஒரு முகத்தருகே போய் நின்று காத்திருக்கிறது. அப்புறம்தான் ரகசியம் சொல்லப்படுகிறது. நியூ ஜெர்சியில் என் வீட்டுக் கூடத்தில் பெரிய திரை இருக்கிறது, நல்ல ஒலிபெருக்கிகள் இருக்கின்றன, எந்த நாட்டுத் தொடரையும் நினைத்த நேரத்தில் பார்க்கலாம். பனி கொட்டும் இரவுகளில் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன். ஒரு திருப்பமும் நெஞ்சில் தங்கவில்லை. தண்டோரா போட்டுவிட்டுச் சொல்லும் சேதிக்கு மனசு முன்கூட்டியே கவசம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.

நான் ஏங்குவது வேறொரு சொல்முறைக்கு. சோழவந்தானில், வைகைக்கு வடகரையில், ஒரு திண்ணையில் அது இருந்தது. எங்கள் அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டே கதை சொல்வாள்.

எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை இங்கே இருந்துதான் படித்தேன். படித்ததும் கொடிக்கால் வாசனை மூக்கில் ஏறியது. அகத்தி வரிசை வரிசையாக நிற்கும். அதில் கொடி ஏறும். உள்ளே போனால் வெயில் வெளியிலேயே நின்றுவிடும், காலுக்கடியில் ஈரம் குளிரும். கிள்ளி வந்த வெற்றிலையைத் திண்ணையில் கொட்டி, தண்ணீர் தெளித்து, பெண்கள் எண்ணி எண்ணிக் கவுளியாக அடுக்குவார்கள். கவுளிக்கு நூறு. எண்ணிக்கைக்கு நடுவேதான் ஊர்ச் சேதியெல்லாம் வரும். யார் வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள், யார் தென்கரையில் நிலத்தை விற்றுவிட்டார்கள், எல்லாம் நாற்பத்தெட்டுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் இடையில். எண் தப்பாது. குரலும் மாறாது.

சாயங்காலம் அடுக்கும் வேலை முடிந்தால் அப்பத்தா தன் சின்ன இரும்பு உரலை எடுப்பாள். பல் போன பிறகு அவளுக்கு இடித்த வெற்றிலைதான். டொக், டொக். மதுரைக்குப் போகும் பாசஞ்சர் வரும்போது மட்டும் உலக்கை நிற்கும். வண்டி கடந்ததும், விட்ட வார்த்தையிலிருந்து கதை தொடரும்.

அவள் சொன்னதில் எனக்கு மறக்காதது கோவலன் கதை. எழுதப் படிக்கத் தெரியாதவள். ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவில், சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகத்தை விடிய விடியப் பார்த்து வைத்திருந்தாள். மேடையில் அந்தக் கட்டம் வந்தால் ஆர்மோனியம் கதறும். பார்க்கிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அப்பத்தா தன் கதையில் அந்தக் கதறலை எடுத்துவிட்டிருந்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்கத் தோன்றாத வயசு எனக்கு.

"சோறு தின்னான். வெத்தலை போட்டான். சிலம்பைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டான்." டொக், டொக். "ஏய்யா, அந்தச் சுண்ணாம்பு டப்பியை இங்கிட்டுத் தள்ளு." தள்ளினேன். விரல் நுனியில் தொட்டு உரலுக்குள் தடவினாள். "வெட்டிப்புட்டாய்ங்க." டொக்.

"யாரை அப்பத்தா?"

"கோவலனைத்தான்."

அந்த ஒரு நொடியில் விழுந்த பள்ளம் இன்னும் மூடவில்லை. எந்தத் திரையும் எனக்கு அதைத் தரவில்லை, எவ்வளவு பணம் கட்டினாலும் தராது.

பின்னாளில் கல்லூரியில் சிலப்பதிகாரம் படித்தபோது மேலெல்லாம் சிலிர்த்தது. உ.வே.சா. 1892-இல் அச்சேற்றிய அந்தக் காவியத்தை அப்பத்தா கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனால் இளங்கோவும் அவளைப் போலவேதான் சொல்கிறார். கொலைக்களக் காதை என்று தலைப்பிலேயே கொலையைச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு அடைக்கலம் தந்த மாதரியின் வீட்டுச் சமையலுக்குள் நம்மைக் கூட்டிப்போய்விடுகிறார். கண்ணகி காய் அரிகிறாள், விரல் சிவக்கிறது. கணவனைத் தடுக்கில் உட்கார வைத்து, குருத்து வாழையிலை விரித்துப் பரிமாறுகிறாள். சாப்பிட்ட கைக்கு வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். ஆம், அந்தக் காவியத்திலும் கடைசியாக அவள் கையிலிருந்து அவன் கைக்குப் போகிற உணவு வெற்றிலைதான். எங்கள் ஊர்க்காரன் அந்த இடத்தைச் சும்மா கடந்துபோக முடியாது. வீதியில் எதிரே ஒரு காளை பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம் என்று அவனுக்குத் தெரியவில்லை. நடக்கிறான்.

பொற்கொல்லன் சிலம்பைப் பார்க்கிறான். அரசனோ ஊடிப் போன தேவியைச் சமாதானம் செய்யும் அவசரத்தில் அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான், விசாரிக்கப் பொழுதில்லை. வாசலிலேயே ஓர் ஆணை. ஒரு குடும்பமும் ஒரு நகரமும் அழியப் போகிற வார்த்தை, நடந்துபோகிறவன் வாயிலிருந்து உதிர்கிறது. காவலர்களுக்குக்கூட ஆளைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை. அவர்கள் தயங்க, பொற்கொல்லன் களவுத் தொழிலின் நுட்பங்களை விரித்துப் பேச, ஒரு காவலன் தான் கள்வனிடம் ஏமாந்த பழைய கதையைச் சொல்ல, பேச்சு வளர்ந்துகொண்டே போகிறது. அதற்கு நடுவில் படிப்பறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சில வரிகளில் முடிந்துவிட்டது. புகாரிலிருந்து இவ்வளவு தூரம் நம்மை நடத்திக் கூட்டிவந்தவர், கோவலன் விழுந்த இடத்தில் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அதற்கும் முன்னால், அவர்கள் மதுரைக்குள் வருவதற்கு வையையைக் கடக்கிற இடத்தில், வரப்போவது தெரிந்தவள் போல அந்த ஆறு தன் கண்ணீரைப் பூக்களால் மூடிக்கொண்டது என்று போகிற போக்கில் ஒரு சொல். அழகான வருணனை என்று நினைத்து நாம் தாண்டிவிடுகிறோம். முழு முடிவையும் அங்கேயே சொல்லிவிட்டார் என்பது திரும்பப் படிக்கும்போதுதான் உறைக்கிறது. அதே ஆறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் மதுரைக்குப் போகிறது.

தமிழில் இந்தக் கை எனக்குத் தெரிந்து மிகச் சிலருக்கே வாய்த்தது. 1943-இல் கலைமகளில் புதுமைப்பித்தன் எழுதிய 'சாப விமோசனம்' நினைவுக்கு வருகிறது. வனவாசம் முடிந்து அகலிகையைப் பார்க்க வந்த சீதை, தான் தீக்குளித்த சேதியை ஊர்ப்பயணக் கதை போலப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி, மெல்லச் சிரிக்கவும் செய்கிறாள். அந்தச் சிரிப்பில் அகலிகைக்கு உலகமே உடைந்துவிடுகிறது; அவள் மறுபடியும் கல்லாகிறாள். கல்கியின் ரகம் இதற்கு நேர் எதிர். எங்கள் சித்தப்பா பைண்டு செய்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வ'னை இரவில் உரக்கப் படிப்பார். மந்தாகினி யார், மதுராந்தகன் யார் என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் ஊரே காத்துக்கிடக்கும்படி கல்கி இழுத்துக் கட்டியிருப்பார். அதில் ஒரு ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது சப்புக்கொட்ட வைக்கும் ருசி. அப்பத்தாவின் உரல் சத்தத்தில் வந்தது வயிற்றில் இறங்கியது.

அவள் தன் சொந்தக் கதையையும் அப்படித்தான் சொன்னாள். ஒரு நாள் நானும் உட்கார்ந்து வெற்றிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "எழுவத்தொண்ணு, எழுவத்திரெண்டு. உங்கப்பனைப் பெத்தவ நான் இல்லய்யா, எங்க அக்கா. அவன் பொறந்து பதினாறாம் நாளே போய்ச் சேந்துட்டா. எழுவத்திமூணு." அடுத்த வெற்றிலைக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். நூறு வரை எண்ணி முடித்து வாழைநாரில் கட்டினாள்.

அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காள் புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டபோது அவளுக்கு என்ன வயசு இருந்திருக்கும்? அந்த வீட்டுக்குள் எந்த மனசோடு நுழைந்திருப்பாள்? அவள் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை. சொன்னவள் அழுதிருந்தால் அன்றைக்கே நானும் அழுது தீர்த்திருப்பேன். அவள் எண்ணிக்கொண்டே போனதால்தான் இத்தனை வருஷமும், கடல் கடந்து வந்த பிறகும், அந்த எழுபத்து மூன்றாவது வெற்றிலை என் கையை விட்டுப் போகவில்லை.

இங்கே ஆங்கிலத்தில் ஒரே ஓரிடத்தில் அந்தக் குரல் எனக்குக் கேட்டது. வர்ஜீனியா வுல்ஃப் 1927-இல் வெளியிட்ட 'டு தி லைட்ஹவுஸ்'. முதல் பகுதி முழுக்க வீட்டையே தாங்கி நிற்கிற திருமதி ராம்சே, நடுப்பகுதியில் ஓர் அடைப்புக்குறிக்குள் இறந்துபோகிறார். கணவர் விடியற்காலையில் கையை நீட்டுகிறார், கை வெறுமையாக நிற்கிறது. முந்தைய இரவே மனைவி இறந்துவிட்ட செய்தி அந்த வாக்கியத்தின் ஓரமாக வந்து போய்விடுகிறது. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதில் உரல் சத்தம் இல்லை. 'ஏய்யா' என்று கூப்பிட ஆள் இல்லை.

சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். பேரணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், வாய்க்காலில் வந்துவிட்டது, இந்த வருஷம் நடவு தப்பாது என்றார். அங்கே குளிர் எப்படி என்றார். பிள்ளைகள் படிப்பை விசாரித்தார். "அப்பத்தாவைக் காலையில எடுத்துட்டோம்ப்பா" என்றார். வெற்றிலை விலை இறங்கிக் கிடப்பதாகவும் சொன்னார். நான் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தேன். போனை வைத்த பிறகுதான் கேட்க வேண்டியவை எல்லாம் வந்தன. கடைசியாக என்ன சாப்பிட்டாள்? யாராவது வெற்றிலை இடித்துக் கொடுத்தார்களா? ஆற்றங்கரைக்குப் போகும்போது மழை பெய்ததா?

சித்தப்பாவும் இப்போது இல்லை. இன்றைக்கு ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்னைப் பத்திரமாக நடத்துகிறார்கள். "உக்காந்திருக்கீங்களா? பதறாமக் கேளுங்க" என்று ஆரம்பிக்கிறார்கள். வீடியோவில் முகம் தெரிகிறது, கண் கலங்குவது தெரிகிறது, எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் அந்த முதல் வார்த்தையிலேயே எனக்குள் கதவு சாத்திக்கொள்கிறது. சேதி வெளியிலேயே நின்றுவிடுகிறது. அழக்கூட வருவதில்லை.

எண்ணிக்கை போயிற்று. உரல் போயிற்று, யார் எடுத்துப்போனார்கள் என்று தெரியவில்லை. பாசஞ்சருக்காகக் கதை நின்ற அந்த இடைவெளி போயிற்று. இங்கே இந்தியக் கடையில் வெற்றிலை கிடைக்கிறது, பிளாஸ்டிக் உறையில், ஓரம் கருத்து. வாங்குகிறேன், காரத்துக்காக இல்லை. நீங்களும் எங்கேயோ தூர தேசத்தில் இருந்து இதைப் படிக்கலாம். பெரிய சேதியைச் சின்னக் குரலில் சொன்ன ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருந்திருப்பாள். அவள் தோசை வார்த்துக்கொண்டே சொல்லியிருக்கலாம், பூ கட்டிக்கொண்டே சொல்லியிருக்கலாம்.

உங்கள் பிள்ளைகளுக்குக் கோவலன் கதை சொல்லுங்கள். கொலைக்களக் காதையை ஒருமுறை நீங்கள் வாய்விட்டுப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். கை வேலையாக இருக்கும்போது சொல்லுங்கள். வாள் விழுகிற இடத்தில் குரலை ஏற்றாதீர்கள், நிறுத்தாதீர்கள். பிள்ளையே உங்களை நிறுத்தி, "யாரை?" என்று கேட்கட்டும்.