நிரைகளில் கிடந்த காகிதம்

கோலாலம்பூருக்கு வடக்கே, மேடும் பள்ளமுமாக அலை புரண்டதுபோல் விரிந்து கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். 1960-களின் தொடக்கத்தில், எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும். விடியலுக்கு முன்னே பால் வெட்டப் புறப்பட்ட என் தாயாருக்குத் துணையாக விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு செவ்வாய்க்கிழமையன்று, மரங்களின் அடியிலும் ஓடைக்கரையிலும் சில அடிகளுக்கு ஒரு பிடி வீதம் வெள்ளைக் காகிதத் துணுக்குகள் இறைந்து கிடந்த காட்சி என்னைத் திகைத்து நிற்கச் செய்தது.

"யாரும்மா இதைப் போட்டது?" என்று கேட்டேன்.

"துரைமாருங்க நேத்துச் சாயங்காலம் ஓடிப் பிடிச்சு விளையாண்டாங்கடா. நீ விளக்கைத் தூக்கிப் பிடி, பட்டை தெரியல" என்றாள் தாயார்.

அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும், தோட்டத்துக்கு அதிபதிகளாக உலவிய பெரிய மனிதர்கள் காகிதத்தைக் கிழித்துக் காட்டில் இறைப்பதும், அதைப் பின்பற்றி வேர்க்க விறுவிறுக்க ஓடுவதும் எதற்காக, இந்த விநோதப் பழக்கம் எந்தத் தேசத்தில் எவரால் ஆரம்பிக்கப்பட்டது என்ற கேள்வி, நான் படித்து ஆசிரியனாகி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் வரையில் என் மனத்தை விட்டு அகலவே இல்லை. ஓய்வுக்குப் பிறகுதான் அதை விசாரிக்கும் அவகாசம் வாய்த்தது.

முதல் விடை வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. 1938-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கோலாலம்பூரில் வசித்த சில வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள், கிஸ்பர்ட் என்ற கணக்கரின் முயற்சியால், வார இறுதியில் உண்டு குடித்த மந்தம் தீரத் திங்கட்கிழமைதோறும் மாலையில் ஓடுவதென்று கூடினார்கள். அவர்களிற் பலர் தங்கிச் சாப்பிட்ட சிலாங்கூர் கிளப்பின் துணைக்கட்டடத்துக்கு 'ஹாஷ் ஹவுஸ்' என்ற பட்டப்பெயர் வழங்கியது. அதனோடு, முயல் வேட்டைக்குப் பழக்கிய நாய்களைக் குறிக்கும் 'ஹாரியர்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துத் தங்கள் கூட்டத்துக்குப் பெயர் சூட்டினார்கள். 'முயல்' என்று நியமிக்கப்பட்டவர் காகிதப் பையுடன் முன்னே ஓடித் தடம் இட்டுச் செல்வார். வேண்டுமென்றே பொய்த் தடங்களும் இடுவார். தடம் அறுந்த இடத்தில் மற்றவர்கள் நாலாபக்கமும் சிதறித் தேட, கண்டுபிடித்தவர் 'ஆன், ஆன்' என்று கூவுவார். லயத்து வாசலில் நின்று நான் கேட்ட கூவல் அதுதான். கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைக் காக்க நடந்த சண்டையில் உயிர் துறந்தார். யுத்தம் முடிந்ததும் எஞ்சிய நண்பர்கள் அந்த ஓட்டத்தைத் திரும்பவும் உயிர்ப்பித்தார்கள்.

ஆனால் இவர்கள் இதைப் புதிதாகக் கற்பித்தவர்கள் அல்லர்; பிள்ளைப் பிராயத்தில் தங்கள் நாட்டுப் பள்ளிகளில் ஓடியதையே இங்கே கொண்டுவந்தார்கள். தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட 'டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்' என்ற நாவலில், இங்கிலாந்தின் ரக்பி பள்ளி மாணவர்கள் பழைய பத்திரிகைகளையும் நோட்டுப் புத்தகங்களையும் கிழித்துப் பைகளை நிரப்பிக்கொண்டு, பார்பி என்னும் கிராமத்தின் திசையில் வயல்களைக் கடந்து ஓடும் வைபவம் விஸ்தாரமாக வர்ணிக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் வழி தப்பிச் சேற்றில் நனைந்து, இருட்டிய பிறகு திரும்பும் சிறுவர்கள் மூவரைப் படித்தபோது, என் தோட்டத்து ஓடையில் முழங்கால் அளவு புதைந்து நின்ற துரை ஒருவரின் முகம் என் ஞாபகத்துக்கு வந்தது.

இன்னும் பின்னோக்கிப் போனால், ஷ்ரூஸ்பரி பள்ளி வருகிறது. செவர்ன் நதி ஏறக்குறைய முழு வட்டமாக வளைத்துக்கொண்ட அந்த ஊரின் பள்ளியில், 1831 முதற்கொண்டு இத்தகைய ஓட்டத்துக்கு எழுத்து ஆதாரம் உண்டு. 1819-இலேயே அது நடந்தது என்பதற்கும் சான்று காட்டுகிறார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயரே 'வேட்டை'. ஓடுபவர்கள் வேட்டை நாய்கள், தலைவன் வேட்டைக்காரன், முதலில் வந்தவன் 'கொன்றான்' என்று சொல்வது மரபு. குதிரையும் நாயும் வைத்து நரி வேட்டையாடிய கனவான்களின் பிள்ளைகள், குதிரை இல்லாமலே அந்த வேட்டையைத் தங்கள் கால்களால் நடித்துப் பார்த்த விளையாட்டு இது என்பது எனக்கு அங்கேதான் தெளிந்தது. வேலியைத் தாண்டு, பள்ளத்தில் குதி, உழுத நிலத்தில் நேரே போ என்ற அதன் விதிகளுக்குக் காரணமும் அந்த வேட்டைதான். 1752-இல் அயர்லாந்தில் இருவர் ஒரு தேவாலயக் கோபுரத்தை இலக்காக வைத்து, இன்னொரு கோபுரத்தடியிலிருந்து குறுக்கு வழியே குதிரை விட்ட பந்தயமும் இதே குலத்தைச் சேர்ந்ததே.

தடம் இடுவதில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் ஒரு சாட்சி வைத்திருக்கிறது. 1876-இல் லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் இத்தகைய ஓட்டத்துக்கான இங்கிலாந்தின் முதல் தேசியப் பந்தயம் நடந்தபோது, ஓடியவர்கள் அனைவரும் தடத்தைத் தவற விட்டார்கள். பந்தயம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு மீண்டும் நடந்தது.

என் மகள் அந்த நாட்டில் குடியேறியிருந்தபடியால், ரக்பி மாணவர்கள் 1830-களிலிருந்து ஓடிவரும் புகழ்பெற்ற தடத்துக்குப் பெயர் தந்த கிரிக் என்ற கிராமத்தை நேரில் காணும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் பசும்புல் மேடுகள். அவற்றினடியில் பல நூற்றாண்டுகளுக்கு முன் எருது பூட்டி உழுத வரப்பும் சாலுமான சுருக்கங்கள் இன்னும் தெரிகின்றன. நான் ஓடக்கூடிய வயதைக் கடந்தவன், நடந்தேன். வேலிகள்தோறும் மனிதர் ஏறிக் கடக்க மரப்படி அமைத்திருந்தார்கள். தனியார் வயலுக்குள் இப்படி அந்நியன் நுழையலாமா என்று நான் தயங்கி நின்றதைக் கண்ட ஒரு முதியவர், இது பொதுப் பாதை, தாராளமாகப் போகலாம் என்று சொல்லி, வரைபடத்தையும் விரித்துக் காட்டினார்.

என் தேடல் திசை மாறியது அந்த வரைபடத்தால்தான். இருபது ஆண்டுகள் தடையின்றி ஜனங்கள் நடந்த வழியைப் பொதுவழியாகக் கொள்ளலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். 1949-இல் இயற்றிய இன்னொரு சட்டத்தின்படி, கிராமத்தார் தங்கள் ஊரின் ஒற்றையடிப் பாதைகளை நடந்து பார்த்துக் குறித்துக் கொடுக்க, மாவட்ட மன்றங்கள் அவற்றை வரைபடத்தில் ஏற்றின. தேவாலயத்துக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் தினந்தோறும் போய்வந்த உழவர்களின் பாதம் இட்ட தடங்கள் இவ்விதம் சாசனமாயின. மாணவர்களின் ஓட்டத்துக்கு மூலம் ஷ்ரூஸ்பரியில் இருக்கலாம். அவர்கள் மிதித்த பாதைகளிற் பலவற்றுக்கு மூலம் அந்த உழவர்களின் கால்கள்.

எங்கள் தோட்டத்தின் கதையும் அதுவே. மழைக்கு மண் கரையாதிருக்க, குன்றுகளைச் சுற்றி ஒரே மட்டத்தில் படிகள் வெட்டி ரப்பர் நட்டார்கள். குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், இருட்டிலேயே முந்நூறு, நானூறு மரங்களை ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டும், வெயில் ஏறியபின் மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்துக்கொண்டும் தமிழ்த் தொழிலாளர்கள் நாளுக்கு இருமுறை அந்தப் படிகளைச் சுற்றி வந்தார்கள். என் தாயாரும் அவர்களில் ஒருத்தி. வேட்டை மரபு நேரே குன்றைத் தாண்டச் சொன்னாலும், முட்புதரும் சதுப்பும் நிறைந்த நிலத்தில் திங்கட்கிழமை மாலை வந்த முயல், பல இடங்களில் எங்கள் தடத்தின் மேல்தான் காகிதத்தை இறைத்துப் போயிற்று. அந்த ஓட்டம் பிறந்த மாதம், அதற்கு உயிரூட்டியவரின் பெயர், கூடிய கிளப் ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்கின்றன. அது ஓடிய தடங்களை எவரும் எந்த வரைபடத்திலும் குறிக்கவில்லை. எங்கள் தோட்டம் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரம். குன்றுகளையே சமன் செய்துவிட்டார்கள். இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

மலேயாத் தோட்டங்களில் பிறந்த என் வயதினர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், ஒரு தாளை எடுத்து, தம் லயத்திலிருந்து ஸ்டோருக்கும் கோயிலுக்கும் ஓடைக்கும் சென்ற தடங்களை வரைந்து, அவற்றுக்கு நாம் வழங்கிய பெயர்களையும் எழுதிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். என் தோட்டத்துக்கு உரியதை நான் வரைந்து முடித்துவிட்டேன். பதினொரு தடங்கள் நினைவில் இருந்தன.