செல்ஃப் எடுக்கல!

பொட்டி தட்டுற வேலைக்கு வந்து வருஷம் பல ஆச்சு. எத்தனையோ அடி வாங்கியாச்சு. ஆனா ஒரே ஒரு வார்த்தையால வாங்கின அடி இது. கோட் பக்கமே போகாதவங்க நடுவுல ரெண்டு பத்தியைத் தாண்டிப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன்.

ஒரு பில்லிங் மென்பொருள், பிஎச்பி-ல எழுதினது. டேட்டாபேஸ் வேலைக்கெல்லாம் பொதுவா ஒரு பேரன்ட் கிளாஸ் எழுதி வெச்சிருந்தேன் (அதுல கொஞ்சம் பெருமை வேற). அதுக்குள்ள ரெண்டு ஸ்டேடிக் மெத்தட். முதலாவது 'டேபிள்'. எந்த டேபிள்னு பேரைச் சொல்லும். பேரன்ட்ல அது மெயின் பில் டேபிள். அடுத்தது 'காலி பண்ணு'. செல்ஃப்னு போட்டு ரெண்டு முக்காற்புள்ளி வெச்சு அந்த 'டேபிள்' மெத்தடைக் கூப்பிடும், என்ன பேர் வருதோ அதைத் துடைச்சிடும்.

புதுசா சேர்ந்த தம்பி, தற்காலிக பில்லுக்காக அதிலேர்ந்து ஒரு சைல்ட் கிளாஸ் எழுதினான். 'டேபிள்' மெத்தடை மட்டும் மாத்தி தன்னோட டேபிள் பேரைக் கொடுத்திருந்தான். மத்தியானம் அந்த கிளாஸ் பேரைச் சொல்லி 'காலி பண்ணு'ன்னான். காலியானது மெயின் டேபிள்.

முந்தின ராத்திரி பேக்கப் இருந்ததால தலை தப்பிச்சது. ஆனா அன்னிக்குக் காலைலேர்ந்து போட்ட பில் அத்தனையையும் கடைக்காரங்க திரும்பத் தட்டினாங்க. டேமேஜர் (அதாங்க, மேனேஜர்) முன்னாடியே தம்பியைக் காய்ச்சி எடுத்தேன். "டேபிள் பேரை ஒழுங்கா எழுதத் தெரியாதா?" அவன் வாயே திறக்கல.

ராத்திரி உக்காந்து ஒவ்வொரு வரியா பார்த்தப்பதான் புரிஞ்சது. பிஎச்பி-ல செல்ஃப்னா கூப்பிட்ட கிளாஸ் இல்ல. அந்த வரி எந்த கிளாஸ்ல எழுதியிருக்கோ, அது. பிள்ளை கூப்பிட்டாலும் அப்பன் வீட்டு விலாசத்துக்குத்தான் போகும். கூப்பிட்ட கிளாஸ்லேர்ந்து தேடணும்னா செல்ஃப் இருக்கிற இடத்துல ஸ்டேடிக்னு எழுதணும். 2009-ல வந்த பிஎச்பி 5.3-லேர்ந்து இந்த வசதி இருக்கு, லேட் ஸ்டேடிக் பைண்டிங்னு பேரு. மெத்தட் முன்னாடி போடுற அதே ஸ்டேடிக்கை இங்கேயும் வேற அர்த்தத்துல வெச்சுக் குழப்பியிருக்காங்க, அது தனிக் கடுப்பு.

ஜாவால இந்த வழிகூட கிடையாது. சைல்ட்ல அதே பேர்ல ஸ்டேடிக் மெத்தட் எழுதினா, பழசை மறைக்கும், அவ்வளவுதான். வேரியபிளை என்ன டைப்னு அறிவிச்சோமோ அதை வெச்சு கம்பைல் பண்ணும்போதே முடிவாயிடும். உள்ளே ஆப்ஜெக்டே இல்லாம வேரியபிள் 'நல்'லா கிடந்தாலும் அந்த மெத்தட் எர்ரர் அடிக்காம கமுக்கமா ஓடும்! பைத்தான்ல கிளாஸ்மெத்தட்னு போட்டா, கூப்பிட்ட கிளாஸே முதல் ஆர்க்யுமென்டா கைக்கு வந்துடும். எனக்குப் பிடிச்சது அதுதான்.

ஒரே ஒரு வார்த்தையை மாத்தினேன். சரியாப் போச்சு. மறுநாள் டேமேஜர்கிட்ட, தம்பியையும் பக்கத்துல நிக்க வெச்சு, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். "சரி சரி"ன்னு போயிட்டார். அப்புறம் டீக்கடைல அவன்கிட்ட ஸாரி சொன்னேன். கிளாஸைக் (டீ கிளாஸ்தாங்க) கீழே வெச்சுட்டு சொன்னான்.

"முதல் வாரமே கேட்டேனேண்ணே, இங்க ஏன் செல்ஃப் போட்டிருக்கீங்கன்னு. அப்புறம் சொல்றேன்னீங்க."