கட்டைவிரல்

நுழையும் முன்

தானே முயன்று கற்பது பெருமை. ஆசிரியர்முன் அமர்ந்து கற்பதும் பெருமையே. இவ்விரண்டிற்கும் நடுவில் திகைத்து நின்ற மாணவன் ஒருவனைப் பற்றியது இப்பாடம்.

புனே நகரின் கட்கிப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் அது. ஊர் மாறிச் சென்ற உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற கிட்டார், அவ்வீட்டு அலமாரியின்மேல் இரண்டு ஆண்டுகள் தூசு படிந்து கிடந்தது. ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அவ்வீட்டுச் சிறுவன் அதனைக் கீழே இறக்கினான். கற்றுத்தர அருகில் எவரும் இல்லை. கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்தான். பிடித்த பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டான். கேட்ட ஒலியைக் கம்பிகளில் தேடினான். விரல்நுனிகள் முதலில் சிவந்தன. பின்னர்க் காய்த்துப் போயின. ஓராண்டிற்குள் எட்டுப் பாடல்களை வாசிக்கப் பழகிவிட்டான். "யாரிடம் கற்றாய்?" என்று விருந்தினர் வினவும்போது, "நானே கற்றேன்" என்று சொல்வதில் அவனுக்குத் தனி மகிழ்ச்சி இருந்தது.

அம்மகிழ்ச்சிக்கு ஒரு பிடி தடையாக நின்றது. கிட்டாரில் 'எஃப்' என்னும் பிடியை அமைக்கச் சுட்டுவிரலை நீட்டி ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்தவேண்டும். அவன் அழுத்தினால் இரண்டு கம்பிகள் ஒலித்தன, மற்றவை முனகின. மணிக்கட்டு வலித்தது. காணொளியில் தோன்றியவரோ அப்பிடியை எளிதாக அமைத்துக் காட்டினார். சிறுவன் அதனை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். அவரை அவன் நூறு முறை பார்த்தான். அவர் அவனை ஒருமுறையும் பார்க்கவில்லை. குறை எங்கே இருக்கிறது என்பதை அதனால்தான் அவனால் அறிய முடியவில்லை.

பள்ளி ஆண்டு விழாவிற்கு ஆறு வாரங்கள் இருந்தன. வாசிப்போர் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. அவன் தந்தை அவனைக் கிட்டார் ஆசிரியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார்.

"உனக்கு நன்றாக வரும் பாடலை வாசி" என்றார் ஆசிரியர். பாராட்டை எதிர்பார்த்தபடி அவன் வாசித்தான். ஆசிரியரின் பார்வையோ அவனது இடக்கையின்மீதே இருந்தது. வாசித்து முடித்ததும், கழுத்துப் பலகைக்கு மேலே எட்டிப்பார்த்த அவனது கட்டைவிரலை மெல்லப் பற்றிப் பின்புறத்தின் நடுவில் வைத்தார். "இது இங்கே இருந்தால்தான் மற்ற விரல்கள் வளைந்து நிற்கும். கம்பியை இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் அழுத்தாதே. மெட்டை ஒட்டி அழுத்து. குறைந்த வலிமையே போதும். இன்னொன்று, எளிய இடங்களில் ஓடுகிறாய். கடினமான இடங்களில் நிற்கிறாய். காலால் தாளமிட்டுக்கொண்டே வாசி" என்றார்.

அடுத்த இரு வாரங்கள் துன்பமாகக் கழிந்தன. கட்டைவிரலைச் சரியாக வைத்தால் பாடல் வரவில்லை. பாடலை நினைத்தால் கட்டைவிரல் பழைய இடத்திற்கே ஓடியது. எட்டுப் பாடல்களில் ஒன்றையும் அவனால் முன்போல் வாசிக்க இயலவில்லை. "இனி வகுப்பிற்குப் போகமாட்டேன் அம்மா. இருந்ததையும் இழந்துவிட்டேன்" என்று கூறிக் கிட்டாரைச் சுவரில் சாய்த்தான்.

அன்றிரவு தந்தை அவனிடம் இளையராஜாவைப் பற்றிக் கூறினார். 1943ஆம் ஆண்டு பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், தமையனாரின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று, கேட்டும் பழகியும் இசையை வளர்த்துக்கொண்டவர். 1968ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தபோது அவர் மேடை பல கண்டவர். ஆயினும் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக அமர்ந்து, மேற்கத்திய இசையைக் குறியீடுகளோடு முறையாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

"அவர் பெரியவர் அப்பா" என்றான் சிறுவன்.

"அவரை விடு. உன் ஆச்சி எழுதிய கடிதத்தை நினைவிருக்கிறதா?" என்று கேட்டார் தந்தை.

சிறுவனுக்கு நினைவிருந்தது. பேசத் தொடங்கிய நாள்முதல் அவன் வீட்டில் தமிழே பேசினான். ஆனால், திருநெல்வேலியிலிருந்து ஆச்சியின் கடிதம் வந்தபோது அதில் ஒரு சொல்லையும் அவனால் படிக்க முடியவில்லை. பள்ளியில் தமிழ் வகுப்பில் சேர்ந்தான். அதுவரை 'பளம்' என்றே சொல்லிவந்தவனுக்கு, 'பழம்' என்று சொல்ல நாவை எங்கே வளைக்கவேண்டும் என்று ஆசிரியை காட்டினார். சில வாரங்கள் வாய்திறக்கவே கூச்சமாக இருந்தது. இன்று ஆச்சியின் கடிதங்களை அவனே வீட்டாருக்குப் படித்துக் காட்டுகிறான். வீட்டில் கற்ற தமிழை வகுப்பு அவனிடமிருந்து பறித்துவிடவில்லை.

மறுநாள் அவன் கிட்டாரை எடுத்தான். எட்டுப் பாடல்களையும் ஒதுக்கிவிட்டு, அவற்றுள் எளிதான ஒன்றை மட்டும் தாளத்தோடு மெதுவாகப் பழகினான். ஐந்தாம் வாரம் எஃப் பிடியில் ஐந்து கம்பிகள் ஒலித்தன. ஒன்று மட்டும் முனகியது. "உனக்கு நல்ல செவி உண்டு. அதனை நான் தரவில்லை, நீயே கொண்டுவந்தாய். இனி, உன் கை அந்தச் செவிக்குக் கீழ்ப்படியும்" என்றார் ஆசிரியர்.

ஆண்டு விழாவில் அவன் ஒரே பாடலை வாசித்தான். நண்பர்கள் எதிர்பார்த்த விரைவு அதில் இல்லை. ஆனால், எந்த இடத்திலும் அவன் ஓடவில்லை. எந்த இடத்திலும் நிற்கவில்லை. இறங்கி வந்தவனிடம் ஒருவர், "யாரிடம் கற்றாய்?" என்று வினவினார். சிறுவன் சற்றே எண்ணிப் பார்த்தான்.

"முதலில் நானே கற்றேன். இப்போது ஓர் ஆசிரியரிடம் கற்கிறேன்" என்றான்.

சிந்தித்து எழுதுக

1. காணொளியால் காட்ட முடிந்தது எது? ஆசிரியரால் மட்டுமே காண முடிந்தது எது?
2. "இருந்ததையும் இழந்துவிட்டேன்" என்று சிறுவன் கூறியது சரியா? உன் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
3. வீட்டில் கேட்டுப் பழகிப் பின்னர்ப் பள்ளியில் நீ திருத்திக்கொண்ட தமிழ்ச் சொற்கள் மூன்றனை எழுதுக.